28 கேஜா, .410-ஆ? சின்ன ஷாட்கன் தேர்வு முதல் வீட்டிலேயே தோட்டா நிரப்புவது வரை!

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். குளிர்காலக் காலை. பைன் மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த வேட்டை நாய் சட்டென்று சிலை மாதிரி நிற்கிறது. எதிரே புல்லுக்குள் 'பாப்வைட்' காடைக் கூட்டம். அடுத்த சில நொடிகளில் அத்தனையும் 'சடசட'வென்று ஒரே நேரத்தில் கிளம்பும். ஒரு காடையின் எடை சுமார் 170 கிராம்தான்!

'இத்துனூண்டு பறவைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய 12 கேஜ் துப்பாக்கி?' என்று கேட்பவர்களின் சாய்ஸ்தான் 28 கேஜ், .410 போன்ற சின்ன துளை ஷாட்கன்கள். எடை குறைவு, தோளில் உதை குறைவு. காடை, அணில், முயல் வேட்டைக்குப் போகும் அமெரிக்கர்களிடம் இவற்றுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால், துளை சின்னதாக ஆக, தப்புக்கான இடமும் குறைந்துகொண்டே போகும். துப்பாக்கி வாங்குவதிலும் சரி, வீட்டில் தோட்டா நிரப்புவதிலும் சரி, இதை மறந்தால் சிக்கல்தான்.

படிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். இது முழுக்க அமெரிக்காவின் கதை. அங்கே மாநில அரசு தரும் லைசென்ஸ், வேட்டைக்கான பருவம், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற கணக்கு எல்லாம் உண்டு. நம்ம ஊரில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். முயலுக்கும் அதே சட்டம்தான். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்!

அது என்ன கேஜ் கணக்கு?

ஷாட்கன் பொதுவாக ஒரே குண்டைச் சுடுவதில்லை. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ரவைகள் இருக்கும். சுட்டதும் அவை கூட்டமாகப் பரவிப் பறக்கும்.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவுள்ள 12 உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் விட்டம். அதாவது சுமார் 18.5 மி.மீ. அதே ஒரு பவுண்டை 28 உருண்டைகளாக்கினால் 28 கேஜ், சுமார் 14 மி.மீ. எண் கூடக் கூட, துளை சின்னதாகும்.

.410 மட்டும் இதில் சேராது. அது கேஜ் இல்லை, நேரடியாக அங்குலத்தில் சொல்லும் அளவு. 0.410 அங்குலம் என்றால் சுமார் 10.4 மி.மீ. கேஜ் கணக்குக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 67 வரும்!

சின்ன துளைன்னா பவர் கம்மியா?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ஒரே சைஸ் ரவை, ஒரே வேகத்தில் கிளம்பினால், அது 12 கேஜிலிருந்து வந்தாலும் .410-லிருந்து வந்தாலும் அடி ஒன்றுதான். வித்தியாசம் எண்ணிக்கையில்தான்.

ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம், 7½ எண் ஈய ரவையில் ஏறக்குறைய 350 ரவைகள் இருக்கும். இதை வைத்துக் கணக்குப் போட்டால்...

* 12 கேஜ், 1⅛ அவுன்ஸ்: சுமார் 390 ரவைகள்
* 28 கேஜ், ¾ அவுன்ஸ்: சுமார் 260 ரவைகள்
* .410, 2½ அங்குலத் தோட்டா, ½ அவுன்ஸ்: சுமார் 175 ரவைகள்

ரவைகள் குறைந்தால் கூட்டத்துக்கு நடுவே இடைவெளி அதிகமாகும். தூரம் போகப் போக அந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். அதற்குள் ஒரு காடை சிக்கினால் ஒன்றிரண்டு ரவை மட்டும் பட்டு, காயத்தோடு பறந்துபோய்ப் புதரில் விழும். நாய்க்கும் கிடைக்காமல் போகலாம். அப்புறம் அது அங்கேயே கிடந்து சாகும். நல்ல வேட்டைக்காரர் பயப்படுவது குறி தவறுவதற்கு இல்லை, இதற்குத்தான்.

அதனால்தான் பொதுவாக .410 என்றால் 25 கெஜம், 28 கேஜ் என்றால் 30 முதல் 35 கெஜம் என்று எல்லை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கெஜம் 3 அடி. அதைத் தாண்டினால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டியதுதான்.

ரெண்டுல எது பெஸ்ட்?

.410-ல் 3 அங்குலத் தோட்டாவும் உண்டு. அதில் 11/16 அவுன்ஸ் ரவை போகும். 28 கேஜின் ¾ அவுன்ஸோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால், குழல் ஒல்லியாக இருப்பதால் .410-ல் ரவைகள் உயரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வெடிக்கும் நொடியில் அடியில் இருக்கும் ரவைகள் மேல் பாரத்தில் நசுங்கும். நசுங்கிய ரவை நேராகப் பறக்காது. 28 கேஜில் அடுக்கு குட்டையாக இருப்பதால் இந்தச் சேதாரம் குறைவு. ஆன்டிமனி கலந்த கெட்டியான ஈய ரவை பயன்படுத்தினால் இரண்டிலுமே பலன் கூடும்.

பறக்கும் காடைக்கு 28 கேஜ். மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அணிலுக்கு .410 போதும். முயலுக்கு, அது கிட்டே இருக்கும்வரை இரண்டுமே ஓகே. ரவை சைஸில் காடைக்கு 7½ அல்லது 8, அணிலுக்கும் முயலுக்கும் 6 என்பது பலர் பின்பற்றும் கணக்கு. ஷாட்கன் ரவையில் எண் குறைந்தால் சைஸ் பெரிது; 6-ம் எண் ரவை சுமார் 2.8 மி.மீ., 7½ சுமார் 2.4 மி.மீ.

'உதை குறைவு, அதனால் பிள்ளைகளுக்கு முதல் துப்பாக்கி .410' என்று வாங்கித் தரும் அப்பாக்கள் அங்கே நிறைய. பறவை வேட்டைக்கு அது சரியான யோசனை இல்லை. ரவை குறைவு என்பதால் உண்மையில் அது கைதேர்ந்தவர்களுக்கான ஆயுதம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு லேசான தோட்டா போட்ட 20 கேஜ்தான் கருணை காட்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

உடல்: சில 28 கேஜ் துப்பாக்கிகள் 20 கேஜ் உடலில் சின்னக் குழலை மாட்டி வருபவை. எடை குறையவே குறையாது. 28-க்கென்றே அளவெடுத்துச் செய்த உடலா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எடை: இங்கிலாந்தின் புகழ்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ.டபிள்யூ.கிரீனர் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு. ரவையின் எடையைப்போல 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருந்தால் உதை தாங்கும்படி இருக்கும். ¾ அவுன்ஸுக்கு 4½ பவுண்டு, அதாவது சுமார் 2 கிலோ. 1⅛ அவுன்ஸுக்கு சுமார் 3 கிலோ. நாள் முழுக்கக் கையில் சுமந்து நடப்பவருக்கு அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். ஆனால், ரொம்ப லேசாக இருந்தாலும் பறவையைத் தொடர்ந்து கை ஓடாமல் பாதியில் நின்றுவிடும்.

சோக்: குழலின் வாயில் இருக்கும் லேசான குறுகலுக்கு 'சோக்' என்று பெயர். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவிகித ரவை விழுகிறது என்பதுதான் இதன் அளவுகோல். சிலிண்டர் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. கிட்டே கிளம்பும் காடைக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் நன்றாக இருக்கும். .410-ல் அணிலுக்கு மாடிஃபைடு அல்லது ஃபுல்.

காகிதத்தில் ஒரு டெஸ்ட்: இதைப் பலர் செய்வதே இல்லை. பெரிய காகிதத்தை நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்தில் மாட்டி, ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் புதுக் காகிதத்தில் சுடுங்கள். காடை சைஸில் ஓர் அட்டையை வெட்டி, துளைகளுக்கு நடுவே நகர்த்திப் பாருங்கள். அட்டை முழுசாக நழுவும் அளவுக்கு ஓட்டை இருந்தால், அந்தத் தூரம் உங்கள் துப்பாக்கிக்கு அதிகம்.

தோட்டாவை ஏன் வீட்டில் நிரப்புகிறார்கள்?

12, 20 கேஜ் தோட்டாக்கள் லட்சக்கணக்கில் தயாராவதால் விலை குறைவு. 28, .410 தோட்டாக்களில் ஈயம் குறைவாக இருந்தும், விற்பனை குறைவு என்பதால் விலை அதிகம். 'ஸ்கீட்' என்ற களிமண் தட்டு சுடும் போட்டியில் 12, 20, 28, .410 நான்குக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அதற்காகப் பயிற்சி எடுப்பவர்கள் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேவில் ஊரில் தயாராகும் 'மெக்' இயந்திரங்கள் இதற்குப் பிரபலம்.

வேலை ஏழு படிகளில் முடியும். காலிக் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்து அடிப்பகுதியைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, புது ப்ரைமர், வெடிமருந்து, 'வாட்' என்ற பிளாஸ்டிக் கிண்ணம், ரவை, கடைசியில் கூட்டின் வாயை மடித்து மூடுவது. அவ்வளவுதான்!

'சின்னதுதானே'ன்னு அசால்ட்டா இருந்தா?

அமெரிக்கத் தோட்டாக்களுக்குத் தர அளவுகளை நிர்ணயிக்கும் 'ஸாமி' அமைப்பின் அட்டவணையைப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். சாதாரண 12 கேஜ் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 20 கேஜுக்கு 12,000. 28 கேஜுக்கு 12,500. 3 அங்குல .410-க்கு 13,500! துளை சின்னதாக ஆக, அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் கீழே இருப்பவற்றில் எதையும் விட்டுவிட முடியாது.

பட்டியலை அப்படியே பின்பற்றுங்கள். ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற வெடிமருந்து நிறுவனங்கள் சோதித்துப் பார்த்த அளவுகளை வெளியிடுகின்றன. லைமன் நிறுவனத்தின் கையேடும் உண்டு. கூடு, ப்ரைமர், வெடிமருந்து, வாட், ரவை எடை ஐந்தும் அதில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். 'இந்த ப்ரைமர் ஸ்டாக் இல்ல, வேற போட்டுக்கலாம்' என்று மாற்றினால் அழுத்தம் எகிறலாம். ஈயத்துக்குப் போட்ட அளவில் இரும்பு ரவையை நிரப்பவே கூடாது.

.410-க்கு மெதுவாக எரியும் வெடிமருந்துதான். 12 கேஜுக்கான வேகமான வெடிமருந்தை இதில் போடுவது விபரீதம். மேஜையில் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். மீந்ததை அதே டப்பாவில் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஒல்லிக் குழாயில் அடைப்பு வரும். .410 இயந்திரத்தில் வெடிமருந்து இறங்கும் குழாய் ரொம்பக் குறுகல். சில சமயம் பாதி மருந்து உள்ளேயே தங்கிவிடும். அப்படியானால் இந்தத் தோட்டாவில் குறைவு, அடுத்ததில் அதிகம்! குறைவான தோட்டாவைச் சுட்டால் வாட் குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு கூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வாட் இறக்க வேண்டும். இயந்திரம் கொட்டும் அளவை டிஜிட்டல் தராசில் அடிக்கடி நிறுத்துப் பார்க்க வேண்டும். சுடும்போது சத்தம் 'புஸ்' என்று வித்தியாசமாக வந்தால், உடனே நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தோட்டாக்கள் கலக்கக் கூடாது. 20 கேஜ் தோட்டா தவறி 12 கேஜ் துப்பாக்கிக்குள் போனால், அது வழுக்கிச் சென்று குழலில் மாட்டிக்கொள்ளும். பின்னால் இன்னொரு 12 கேஜ் தோட்டாவும் போய்விடும். சுட்டால் கை போகும். இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருகிறது. வீட்டில் நிரப்பியவற்றை கேஜ் வாரியாகத் தனி டப்பாவில், தேதியும் அளவும் எழுதி வைப்பது அவசியம்.

ஈயம் விஷம். காற்றோட்டமான அறை, பக்கத்தில் டீ, ஸ்நாக்ஸ் கிடையாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிகரெட்டுக்கு அந்த அறையில் இடமே இல்லை.

ஈயத்துக்கு மாற்று

ஈய ரவையை விழுங்கும் பறவைகள் விஷமேறிச் சாவதால், நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் 1991 முதல் அமெரிக்கா முழுக்கத் தடை. கலிஃபோர்னியா 2019-ல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடை செய்துவிட்டது. மாற்றாக இரும்பு, பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகள் வருகின்றன. இரும்பு ஈயத்தைவிட லேசு. சின்ன துளையில் அதன் எல்லை இன்னும் சுருங்கும். டங்ஸ்டன் கலவை ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் சின்ன ரவையே ஆழமாகப் பாயும். விலைதான் கண்ணைக் கட்டும். பழைய துப்பாக்கியின் குழல் எந்த ரவையைத் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்காமல் முயற்சி செய்யக் கூடாது.

களத்தில் இறங்கும் முன்...

* பளிச் ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி போட்டாச்சா?
* குழலில் அடைப்பு இல்லையே?
* சுட்ட ரவை எங்கே போய் விழும் என்று தெரியுமா?
* காடை தரையிலோ தாழ்வாகவோ இருக்கிறதா? சுடாதீர்கள். அந்த உயரத்தில்தான் நாயின் தலை இருக்கும்.
* சமைக்கும்போது ரவைகளைத் தேடி எடுத்தாச்சா? கடிபட்டால் பல் போகும், ஈயம் வயிற்றுக்கும் போகும்.

உங்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ நண்பரோ 'ஒரு .410 வாங்கலாம்னு இருக்கேன்' என்று சொன்னால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். 'எத்தனை கெஜத்துல சுடாம விடுவ?' அதற்கு அவரிடம் பதில் இருந்தால், தாராளமாக வாங்கட்டும்!