ஹைலண்ட் டவர்ஸ் 1993: மழை மட்டுமா காரணம்?

ஹைலண்ட் டவர்ஸைப் பற்றி எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் ‘இயற்கைப் பேரிடர்’ என்றுதான் தொடங்குகிறார்கள். அம்பாங் பிள்ளைங்களும் அப்படித்தான். அந்தச் சொல் சரிதானா?

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. பத்து நாளாக விடாத மழை. மதியம் 1.35 வாக்கில், உலு கிள்ளானில் இருந்த மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள்.

கட்டடத்துக்குப் பின்னால் செங்குத்தான குன்று. சரிவைப் படிப்படியாக வெட்டித் தடுப்புச் சுவர்கள் எழுப்பியிருந்தார்கள். மேலே ஓடிய ஓடையைக் குழாய் போட்டுத் திருப்பியிருந்தார்கள். பிறகு மேட்டில் மரங்களும் அழிக்கப்பட்டன. நீரும் மண்ணும் கீழே இறங்கின. ஊறிய மண் கனக்கும். வடிய வழியில்லாத நீர் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். சுவர் உடைந்ததும் சரிந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. அங்கே இறக்கியிருந்தவை தண்டவாள இரும்புகள். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளினால் தாங்காது. அவ்வளவுதான்.

குளிர்நாடுகளில் அணைக்கட்டும் பாலத்தூணும் வெடிப்பதை இதோடு ஒப்பிடலாம். குளிர் மட்டும் காங்கிரீட்டை உடைப்பதில்லை. உள்ளே ஊறிய நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கிறது. பெருக்க இடமில்லாவிட்டால்தான் வெடிப்பு. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் இதற்கு வழி கண்டார்கள்: கலவையிலேயே நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் சேர்த்து, நீருக்கு இடம் விட்டார்கள். நம் ஊரில் உறைபனி ஏது? ஆனாலும் தடுப்புச் சுவருக்கு வடிதுளையும் ஒழுங்கான கால்வாயும் வேண்டும் என்பதும் அதே கணக்குத்தான்.

ஆகவே மாணவர்களே, மழையை உடனடிக் காரணம் என்று எழுதுங்கள். வடிகால், சுவர், அடித்தளம், காடழிப்பு ஆகியவற்றை அடிப்படைக் காரணங்களில் வையுங்கள்.

நீதிமன்றமும் மழையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2000-இல் உயர்நீதிமன்றம் மேம்பாட்டாளர் உட்படப் பலரைப் பொறுப்பாக்கியது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு. 2006-இல் கூட்டரசு நீதிமன்றமோ, 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டிக் கழகத்தை விடுவித்தது. இந்தத் தீர்ப்பை மாணவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மற்ற இரண்டு கட்டடங்களில் வாழ்ந்தவர்கள் அன்றைக்கு வெளியேறியவர்கள்தான். மறுபடி அங்கே குடியேறவில்லை.