உதகை அரசு தாவரவியல் பூங்கா

நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில், தொட்டபெட்டா மலைச்சரிவில் சுமார் 55 ஏக்கரில் அமைந்த வரலாற்றுப் பூங்கா. 1848இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கினார். தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டு பழமையான கல்மரம் இங்குள்ளது.

காலநிலை: குளிர்கால உறைபனியில் புல்லும் நாற்றும் கருகும். விடியலில் புல்தரையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பர். மலர்ச்செடிகளை மிலார் என்னும் செடிகளால் மூடுவர்.

பயணிகள்: மே மாத மலர்க்காட்சியில் கூட்டம் அலைமோதும். மிதிபட்ட புல் மீண்டும் தழைக்க, புல்வெளிகள் அவ்வப்போது மூடப்படும். நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது.