சிறுபட்டினங்களின் ஆட்சி: சுகாதார சபையிலிருந்து நகரசபை வரை

ஆட்சி வரலாறு என்றவுடன் நம் மாணாக்கரின் நினைவிலே தோன்றுவன சட்டசபைகளும் அரசியற்றிட்டங்களுமே. கோல்புறூக்கு, டொனமூர், சோல்பரி என்னும் பெயர்களை மேல்வகுப்பு மாணவன் எவனும் தடையின்றிக் கூறுவான். ஆயின், தான் நாள்தோறும் கடந்துசெல்லும் சந்தையை நடத்துவோர் யாவர், ஒழுங்கை முகப்பில் எரியும் விளக்குக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, தன் வீட்டுக்கு வரும் சோலைவரிச் சீட்டு எவ்வதிகாரத்தால் விதிக்கப்பட்டது என வினவினால், விடை கூறவல்லார் மிகச் சிலரே. மக்கள் அரசைக் கண்ணாற் காண்பது பெரும்பாலும் இவ்விடங்களிலேயாம். ஆகவே, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற சிறுபட்டினங்களை ஆண்ட சபைகளின் நாளாந்தக் கருமங்கள் எவை, அவற்றை நடத்தியோர் யாருக்கு விடைகூறக் கடமைப்பட்டிருந்தனர் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இலங்கையில் இக்கால முறையிலான உள்ளூராட்சி 1865ஆம் ஆண்டு மாநகரசபைக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. கொழும்பு, கண்டி முதலிய பெருநகரங்களே அதனாற் பயன்பெற்றன. நாட்டுப்புறங்களுக்கு 1871இல் கிராமச் சங்கங்கள் ஏற்பட்டன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பட்டினங்களுக்காக 1876இல், தேசாதிபதி கிறகெரி காலத்திலே, உள்ளூர்ச் சபைகள் வகுக்கப்பட்டன. அச்சபைகளிலே ஒரு பாதியினர் உத்தியோகத்தர். மறு பாதியினர் வரியிறுப்போராற் றெரியப்பட்டோர். அக்கிராசனமோ அரசாங்க அதிபருக்கே உரியது. இதனினும் சிறிய பட்டினங்களுக்கு 1892இல் சிறுபட்டினச் சுகாதாரக் கட்டளைச் சட்டம் வந்தது. 'சனிற்றறி போட்' என நம் முன்னோர் வழங்கிய சுகாதார சபை அச்சட்டத்தின் வழிவந்ததே. இதிற் றெரிவு என்பதற்கே இடமில்லை. உத்தியோகத்தரும் அரசினரால் நியமிக்கப்பட்டோருமே அதன் அங்கத்தவர். வடமாகாணத்தை 1869 முதல் 1896 வரை அரசாங்க அதிபராக இருந்து ஆண்ட துவைனம் துரையின் ஆட்சியின் இறுதிப் பகுதியிலே இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆட்சிச் சபையொன்றுக்குச் 'சுகாதாரம்' என்பதே பெயராய் அமைந்ததன் காரணம் ஆராயத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினூடே இறங்கித் தங்கும் மழைநீரே நமக்குக் குடிநீர். கிணறே நமக்கு ஆறு. நிலத்தின்மேல் இடும் அழுக்கு அப்பாறையின் வெடிப்புகளினூடாக விரைவிற் கிணற்றைச் சேரும். வீடுகள் நெருங்கி, சந்தை கூடி, வழிப்போக்கர் தங்கும் பட்டினத்திலே ஒருவர் வளவின் மலசலகூடம் அயலார் கிணற்றுக்குப் பகையாவது இயல்பு. 1866ஆம் ஆண்டை அடுத்துப் பரவிய வாந்திபேதி யாழ்ப்பாணத்திலே பெருந்தொகையினரை மாய்த்தது. அந்நோயின் முன்னே செல்வர் வீட்டு மதிலும் ஏழை வீட்டு வேலியும் ஒன்றேயாயின. தனித்தனியே ஒவ்வொருவரும் தத்தம் வளவைப் பேணினாற் போதாது, எல்லாரும் பணம் கூட்டிப் பொதுவாகப் பேணுதல் வேண்டும் என்னும் எண்ணமே சிறுபட்டின ஆட்சிக்கு வித்தாயிற்று.

இனி, இச்சபைகளின் நாளாந்தக் கருமங்களை நோக்குவோம். முதன்மையானது வரி. நிலத்தையும் வீட்டையும் வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு யாது கிடைக்கும் என மதிப்பிட்டு, அம்மதிப்பில் நூற்றுக்கு இத்தனை வீதம் என விதிப்பதே சோலைவரி. ஆண்டுக்குரிய தொகை நான்கு கூறாகத் தண்டப்படும். ஆண்டு முழுமைக்கும் உரியதைச் சனவரி மாதத்துள் இறுப்போருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு கொடுக்கும் வழக்கம் இன்றும் உளது. மதிப்பு மிகையெனக் கருதுவோர் ஆட்சேபம் எழுதிக்கொடுக்கலாம்; இறாதோரின் அசையும் பொருளைக் கைப்பற்றவும் சபைக்கு உரிமையுண்டு. சிறுபட்டினச் சபையிலே மிகுந்த வாதம் எழுவது இவ்விடயத்திலேதான். கூரை ஓலையா ஓடா, கடை தெருமுகப்பிலா ஒழுங்கையுள்ளா என்பன வீண்பேச்சல்ல. ஒருவர் இறுக்காது விட்ட வரியின் சுமை மற்றவர் தலையிலே ஏறும் என்பதைச் சபையோர் கண்ணெதிரே காண்பர்.

அடுத்தது சந்தை. சிறுபட்டினமொன்றின் வருவாயிற் சோலைவரிக்கு இணையாக நிற்பது சந்தையே. யாழ்ப்பாணத்துக்கும் சாவகச்சேரிக்கும் புகையிரதம் 1902இலேயே ஓடத் தொடங்கியது. 1905இற் கொழும்போடு தொடர்பு ஏற்பட்டது. தென்மராட்சியின் பலாவும் மாவும் தேங்காயும் தூரதேசம் செல்ல வழி பிறந்தது. சந்தை வளர வளர அதன் ஆயத்தைத் தண்டும் உரிமையும் மதிப்புப் பெற்றது. சபை அவ்வுரிமையை ஆண்டுதோறும் ஏலத்திலே குத்தகைக்கு விடும். குத்தகைக்காரர் கடகத்துக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு எனத் தண்டுவர். ஏலத்திலே தொகை உயர்ந்தாற் சபைக்கு மகிழ்ச்சி. ஆனால், உயர்ந்த தொகையை ஈடுசெய்யக் குத்தகைக்காரர் கீரைக்கட்டோடு வந்து தரையிலிருக்கும் கிழவியிடம் விதித்ததற்கு மேலாகக் கேட்டால் தட்டிக்கேட்போர் யார்? கட்டண அட்டவணையைச் சந்தை வாயிலிலே தொங்கவிடுதல், முறைப்பாட்டை விசாரித்தல், கொட்டகைக்குக் கூரை வேய்தல், மழைநீர் தேங்காது நிலத்தை உயர்த்தல் என்பன சிறு கருமங்கள்போலத் தோன்றும். அக்கிழவிக்கு அரசாங்கம் என்பது அவ்வளவே.

மூன்றாவது துப்புரவு. தெருக்கூட்டல், கான் வெட்டல், மதகுகளைத் திறந்துவிடல் என்பன பகற் கருமங்கள். வாளிக் கக்கூசு வழக்கிலிருந்த காலத்திலே, ஊர் எழுமுன்னரே நடந்து முடியும் கருமம் ஒன்றும் இருந்தது. அதனைச் செய்தோர் ஒரு நாள் வராதொழிந்தால் பட்டினம் முழுதும் அறியும். வந்த நாள்களில் அவர்களை அறிந்தார் இலர். இவற்றோடு தெருவிளக்குகளுக்கு மண்ணெண்ணெய் வாங்குதல், பொதுக்கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கல், கட்டாக்காலி மாடுகளைப் பட்டியிலடைத்துத் தண்டம் அறவிடல், நாய்களுக்கு அனுமதிச்சீட்டு வழங்கல், கொல்களத்தைக் கண்காணித்தல், சுடலைக்கும் சேமக்காலைக்கும் வழி திருத்தல், புதிய வீட்டின் படத்தைப் பார்த்துத் தெருவெல்லையைக் கடவாதபடி தடுத்தல் ஆகியனவும் சேரும். சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, ஓவசியரின் மதிப்பீடு, இலிகிதரின் கணக்கு, மக்களின் மனு என்னும் நான்கும் மாதந்தோறும் சபையின் மேசைக்கு வரும். சபையின் கூட்டறிக்கைப் புத்தகம் இவற்றால் நிறைவதே. அதிலே வீரமும் இல்லை, சொல்லழகும் இல்லை. ஆயினும், ஒரு பட்டினத்து மக்கள் எதற்காக வருந்தினர், எதனைப் பொதுவென மதித்தனர் என்பதை அறிய அதனினும் சிறந்த சான்று அரிது.

இக்கருமங்கள் சுகாதார சபைக் காலத்தும் நடந்தன, பிற்காலத்தும் நடந்தன. வேறுபாடு எங்கேயுளது? சுகாதார சபையின் அக்கிராசனர் அரசாங்க அதிபர், அவரிருப்பது கச்சேரியில். அக்காலத்து வெள்ளைத்துரை ஒருவரின் தோளிலே எத்தனை சுமைகள் இருந்தன என்பதற்கு லெனாட் வுல்வ் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் சான்றாகும். யாழ்ப்பாணத்திலும் கடமையாற்றிய அவர், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். வழக்குத் தீர்த்தவரும், உப்பெடுப்பை மேற்பார்த்தவரும், மாட்டு நோயைத் தடுக்க ஊரூராய்த் திரிந்தவரும் அவரொருவரே. திறமையும் உழைப்பும் உள்ள அத்தகைய அதிபருக்கும் சிறுபட்டினத்துக் கான் நூறு கருமங்களுள் ஒன்றே. நல்ல அதிபர் வாய்த்தாற் கான் சீராகும். அல்லாதார் வாய்த்தால் மனு எழுதிக் காத்திருத்தல் வேண்டும். வரி கொடுத்தோர் கேட்கலாம். ஆனால், கேட்டதற்கு விடை கூறியே ஆகவேண்டுமென்ற கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை.

இந்நிலை சிறிது சிறிதாக மாறியது. யாழ்ப்பாண நகரம் 1906இல் உள்ளூர்ச் சபை பெற்றது. 1920ஆம் ஆண்டு உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து அது நகர மாவட்டசபையாயிற்று. 1949இல் மாநகரசபையாய் உயர்ந்தது. 1939ஆம் ஆண்டு நகரசபைக் கட்டளைச் சட்டமும், 1946ஆம் ஆண்டு பட்டினசபைக் கட்டளைச் சட்டமும் சிறுபட்டினங்களுக்கு வழிதிறந்தன. பட்டினசபைகள் தோன்றவே சுகாதார சபைகள் மறைந்தன. பட்டினம் வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் தெரியப்பட்டார். அவர் கச்சேரியில் இருப்பவரல்லர். அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். விளக்கு எரியாவிடில் மனு எழுத வேண்டுவதில்லை. காலையிலே படலையைத் தட்டினாற் போதும்.

உள்ளூர்ச் சபை தன் கடமையை விரிவாக எண்ணினால் யாது விளையும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகமே எடுத்துக்காட்டு. க. மு. செல்லப்பா என்னும் அன்பர் 1933இல் தம் இல்லத்திலே தொடங்கிய சிறு முயற்சியை, 1935இல் நகர மாவட்டசபை ஏற்றது. கானும் விளக்கும் சந்தையும் எழுதப்பட்ட அதே வரவுசெலவுத் திட்டத்திலே நூலும் ஒரு செலவினமாயிற்று. 1959இல் அது பெருங்கட்டடமாய்த் திறக்கப்பட்டது, 1981இல் எரியூட்டப்பட்டது. அந்நூலகத்துக்காக நாம் கண்ணீர் விட்டோம். அதனை நிறுவிப் பேணியது வரியிறுப்போரின் சபையொன்று என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

எனினும், மக்கள் சபை வந்தவுடன் எல்லாம் நேராயின என்று எழுதுதல் வரலாறாகாது. 'பொது' என்னும் சொல்லே சபைகளின் உண்மையான சோதனையாயிருந்தது. பொதுக்கிணறு எனப் பலகை தொங்கலாம். அதிலே வாளியை இறக்கச் சிலருக்கு மட்டுமே விடப்படின் அப்பலகை பொய்யாம். சாதி காரணமாகப் பொது இடங்களிலே பிறரைத் தடுத்தலைக் குற்றமாக்குஞ் சட்டம் 1957இலேதான் வந்தது. அதன் பின்னரும் தேநீர்க்கடைகளிலும் ஆலய வாயில்களிலும் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன. துப்புரவுத் தொழிலாளருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழியினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வமிசாவழியினர் பெருந்தொகையினரை நாடற்றோராக்கியது. ஊரின் அழுக்கைச் சுமந்தோருக்கு ஊரின் சபையிலே வாக்கு இல்லாதிருந்த நிலையை, உள்ளூராட்சியின் பெருமை பேசும்போது மறைத்தலாகாது. பெரும்பான்மையினர்க்கு விடைகூறும் சபை, வாக்கற்றோர்க்கு விடைகூறாது நழுவுதல் எளிது.

பெற்ற உரிமை நிலைத்ததா எனின், அதுவும் இல்லை. 1979 முதல் மாநகர, நகரசபைத் தெரிவுகள் விகிதாசார முறையில் நிகழ்ந்தன. வட்டார உறுப்பினர் என்பார் இல்லாதொழிந்தனர். 1981இற் பட்டினசபைகளும் கிராமசபைகளும் கலைக்கப்பட்டு அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரதேசசபைகள் தோன்றின. யாழ்ப்பாணத்திலோ, 1983இன் பின் 1998 வரை உள்ளூராட்சித் தெரிவே நிகழவில்லை. அக்காலத்தும் அதன் பின்னரும் போர் பட்டினங்களைச் சிதைத்தது. 2000ஆம் ஆண்டிலே சாவகச்சேரி பெரும்பாலும் இடிபாடாயிற்று. வட்டார முறை கலப்பு முறையாய் மீண்டது 2018ஆம் ஆண்டுத் தெரிவிலேதான். பெண்களுக்கு நாலிலொரு பங்கு ஒதுக்கப்பட்டதும் அப்போதே. பின்னர் 2023 மார்ச்சிலே சபைகளின் காலம் முடிந்தது. உரிய காலத்திலே தெரிவு நடைபெறவில்லை. இத்தாமதம் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6இலேயே தெரிவு நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக நாடெங்கும் உத்தியோகத்தரே சபைக் கருமங்களை நடத்தினர்.

அக்காலத்திலும் குப்பை அள்ளப்பட்டது, விளக்குகள் எரிந்தன, வரி தண்டப்பட்டது. பலர் வேறுபாட்டை உணரவுமில்லை. அதுவே கவலைக்குரியது. உத்தியோகத்தர் நேர்மையாளராகவும் திறமையாளராகவும் இருக்கலாம். 1892இல் இருந்தோரும் அத்தகையோராய் இருந்திருக்கலாம். ஆனால், வரிகொடுப்போன் கேள்வி கேட்கவும், வரிவாங்குவோன் விடை கூறவும் குறித்த ஓரிடமும் குறித்த ஒரு நாளும் இருத்தல் வேண்டும். மாதாந்தச் சபைக்கூட்டம் அவ்விடம். தெரிவு நாள் அந்நாள். அவை இல்லாதபோது, பெயர் எதுவாயினும், நாம் மீண்டும் பழைய சனிற்றறி போட்டின் கீழேயே இருக்கின்றோம்.

குடியியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் இதனால் ஒரு கடமை உண்டு. சபையின் கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை; வரவுசெலவுத் திட்டமும் இரகசியமன்று. மேல்வகுப்பு மாணவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நகரசபைக் கூட்டத்துக்குச் சென்றிருந்து, ஒரு கானைப் பற்றி அரைமணி நேரம் வாதிக்கும் உறுப்பினரைக் கேட்டல் நன்று. சிலர் நகைப்பர். அவ்வாதத்தின் பின்னே நூற்றைம்பதாண்டு வரலாறு உண்டென அறிந்தோர், அந்தக் கான் எவ்வளவு செலவில் எப்போது வெட்டி முடியும் என்று கேட்டறிந்துகொண்டே வீடு திரும்புவர்.