பக்கத்தில் மாட்டிய ஸ்கோப்

முதல் உலகப் போர்ப் படங்களில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் ஸ்னைப்பர்கள் வைத்திருந்த லீ-என்ஃபீல்டில் ஸ்கோப் குழலுக்கு நேர்மேலே இல்லை, இடப்பக்கமாகத் தள்ளி மாட்டியிருக்கிறது. காரணம் சாதாரணம்தான். மேலே வைத்தால் ஐந்து தோட்டா அடுக்கிய கிளிப்பை ஒரே அழுத்தில் உள்ளே இறக்க முடியாது. காலாட்படைக்கு அந்த வேகம் வேண்டும், சரி. ஒரு தோட்டாவுக்காக அரைநாள் காத்துக் கிடப்பவனுக்கு எதற்கு?

அவன் இருப்பது இரும்புத் தகட்டுக்குப் பின்னால். தகட்டில் சின்னதாய் ஒரு ஓட்டை. குழல் அதில் நுழைந்துவிடும். பக்கத்தில் இருக்கிற ஸ்கோப்போ தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டையைப் பெரிதாக்கினால் எதிரே குறிவைத்திருக்கும் ஜெர்மன்காரனுக்கு வசதி.

1916இல் பிரான்சில் ஸ்னைப்பர் பள்ளி தொடங்கிய ஹெஸ்கெத்-பிரிச்சர்ட், 1920இல் வந்த தன் புத்தகத்தில் இந்தப் பொருத்தலைக் குறை சொல்கிறார். அடிப்படையில் வேட்டைக்காரர், அவருக்குத் தெரியாதா!

அடுத்த போரின் நம்பர் 4 (டி) துப்பாக்கியில் ஸ்கோப் மேலே ஏறிவிட்டது. தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை போல. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறையில் பொருத்தியபின், ஜோடி மாறிவிடாமல் இருக்க, ஸ்கோப்பின் எண்ணைத் துப்பாக்கியின் மரக்கட்டையிலேயே குத்தி அனுப்பினார்கள்.