எலும்புக் குழியை நிரப்பிய பொருள்கள்

எலும்புக்குள் கிருமி புகுந்து சீழ் வைக்கும் ஆஸ்டியோமைலிட்டிஸ் நோயில், இரத்த ஓட்டம் அற்றுச் செத்துப்போன எலும்பைச் சுரண்டி எடுத்த பின் எஞ்சும் குழியை என்ன செய்வது என்பது அறுவை மருத்துவர்களை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வியாகும். இரத்தமும் கசிவுநீரும் தேங்கும் அவ்வெற்றிடத்தில் கிருமிகள் மீண்டும் பெருகின.

1892இல் ஜெர்மனியின் பான் நகரில் டிரீஸ்மன், கார்பாலிக் அமிலக் கரைசலில் குழைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை, அதாவது சுட்டுப் பொடித்த ஜிப்சத்தை, இத்தகைய குழிகளில் இட்டு நிரப்பினார். வியன்னாவின் மோசெடிக்-மூர்ஹாஃப் 1903இல் விவரித்த கலவையில் கிருமிநாசினியான அயோடோஃபார்ம் 60 பங்கும், திமிங்கில மெழுகும் நல்லெண்ணெயும் தலா 40 பங்கும் இருந்தன. உருக்கி ஊற்றிய இக்கலவை குழிக்குள்ளேயே இறுகியது. குழியை முற்றிலும் துப்புரவாக்கி உலர்த்திய பிறகே இதை ஊற்ற வேண்டியிருந்ததால், கிடைத்த வெற்றியில் பெரும்பங்கு கலவையைவிட அந்தத் துப்புரவுக்கே உரியது எனக் கொள்வதே பொருந்தும்.

பெனிசிலின் வந்த பின்னும் சிக்கல் தீரவில்லை. இரத்தம் செல்லாத எலும்புக்கு, இரத்தத்தில் கலந்து வரும் மருந்தும் போதிய அளவில் சென்று சேர்வதில்லை. மருந்தை நோயிடத்திலேயே வைக்கும் வழியை, ஹாம்பர்க் நகரின் புக்ஹோல்ட்ஸும் எங்கெல்பிரெக்ட்டும் 1970இல் வெளியிட்டனர். செயற்கை மூட்டுகளைப் பொருத்தப் பயன்படும் அக்ரிலிக் எலும்பு சிமெண்டில் அவர்கள் ஜென்டாமைசினைக் கலந்தனர். சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளுள் இம்மருந்தும் ஒன்று. பிராங்க்ஃபர்ட்டில் கிளெம் அதே சிமெண்டை 7 மில்லிமீட்டர் மணிகளாக வார்த்து, எஃகுக் கம்பியில் கோத்துக் குழிக்குள் வைத்தார். கடைசி மணியைத் தோலுக்கு வெளியே விட்டுவைத்தால், சில நாள்களில் முழுச் சரத்தையும் மெல்ல உருவி எடுத்துவிடலாம். எடுத்தே தீர வேண்டியிருந்தது இம்முறையின் குறை. மருந்து வடிந்தபின் உள்ளேயே தங்கும் கரையாத சிமெண்ட், கிருமிகள் படலமாக ஒட்டி வளர இடம் கொடுத்துவிடும்.

ஆகவே, உடலில் தானே கரையும் பொருள்களை நாடிய மருத்துவர்கள், நுண்ணுயிர்க்கொல்லி கலந்த ஜிப்சத்தை மீண்டும் கையில் எடுத்தனர். இதனிடையே 1969இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய உயிர்வினைக் கண்ணாடி, எலும்போடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் திறன் உடையது. அதன் வழியில் பின்லாந்தில் உருவான எஸ்53பி4 என்னும் வகை, மருந்து எதுவும் கலக்காமலேயே, தன்னிலிருந்து கசியும் சோடியம், கால்சியம் அயனிகளால் சுற்றுப்புறத்தின் காரத்தன்மையையும் சவ்வூடு அழுத்தத்தையும் உயர்த்திக் கிருமிகளை ஒடுக்குவதோடு, தன் மேற்பரப்பில் எலும்பின் கனிமத்தை ஒத்த படலம் படியச் செய்து, புதிய எலும்பு படர்வதற்கும் இடமளிக்கிறது.