வெறும் தூசி தானே மாமா? ஜீப் முன் பிரேக்குக்குள் இருக்கும் நூறு வருடக் கதை

1)
போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வீடியோ கால் பண்ணினான். பழைய ஜீப் ஒன்னு வாங்கி, பட்டை மாத்தி உயரம் ஏத்தி, பெரிய டயர் போட்டு வச்சிருக்கான். மலைக்குப் போகணுமாம். அதுக்கு முன்னாடி முன் சக்கர பிரேக்கை வீட்டுலயே பிரிச்சு சரி பண்ண ஆரம்பிச்சிட்டான்.

டிரம்மைக் கழட்டினதும் உள்ளே கறுப்பா தூசி. காத்தடிக்கிற மெஷினை எடுத்து ஊத ஆரம்பிச்சான். பக்கத்துல அவனோட ஆறு வயசுப் பையன் டார்ச் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான்.

"டேய் மாப்ள, நிறுத்து!"ன்னு கத்திட்டேன்.

"வெறும் தூசி தானே மாமா?"

2)
பையனை உள்ளே அனுப்பச் சொல்லிட்டு போனை வச்சேன். ஆனா அந்தக் கேள்விக்கு ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது. பிரேக்கோட வரலாறும் நுரையீரல் மருத்துவத்தோட வரலாறும் கை கோத்துக்கிட்டு நடந்த கதை அது. அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

3)
1888 ஆகஸ்ட். ஜெர்மனி. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே அவர் செஞ்ச மோட்டார் வண்டியை எடுத்துக்கிட்டு, ரெண்டு மகன்களோட மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல.

வழியில இறக்கங்கள். மரக்கட்டை பிரேக் தேய்ஞ்சு போச்சு. பெர்த்தா ஒரு செருப்பு தைக்கிறவர்கிட்ட போய், அந்தக் கட்டை மேல தோல் வச்சு ஆணி அடிக்கச் சொன்னார். இன்னைக்கு நாம 'பிரேக் லைனர்'னு சொல்றதுக்கு ஆரம்பம் அதுதான்.

4)
தோல் சூட்டுல கருகும். மரம் புகையும். இதுக்குத் தீர்வு தேடினவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட். 1897ல் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டி பிரேக்குக்கான பொருட்களைச் செய்ய ஆரம்பிச்சார். அவர் நிறுவனத்தின் பெயர் ஃபெரோடோ. தன் பெயரின் எழுத்துகளோட மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து மாத்திப் போட்ட பெயர்.

முதல்ல பருத்தி. அதுவும் கருகுச்சு. 1908 வாக்கில் அவர் போய்ச் சேர்ந்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ். அதாவது கல்நார்.

5)
கல்நார் நெருப்புல எரியாது. நூலா நூற்கலாம், துணியா நெய்யலாம், பிசினோட சேர்த்து அழுத்தலாம். விலையும் குறைவு. பிரேக்குக்காகவே பூமி கொடுத்த பொருள் மாதிரி இருந்துச்சு. அடுத்த எழுபது எண்பது வருஷம் உலகத்தின் பெரும்பாலான கார், லாரி, ஜீப் பிரேக்குகளில் அதுதான் இருந்தது.

இதை இங்கேயே நிறுத்தி வைப்போம். திரும்ப வருவோம்.

6)
இப்போ இன்னொரு ஆச்சரியம். ஆரம்ப கால கார்கள் பலதுல முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது! 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் கால் பிரேக் கியர் பெட்டிக்குள்ள பிடிக்கும். அதனால பின் சக்கரம் நிக்கும். முன்னாடி ஒன்னும் இல்லை.

ஏன்? பயம். முன்னாடி பிடிச்சா வண்டி குப்புற கவிழும், ஸ்டியரிங் இழுத்துக்கிட்டுப் போகும்னு பலரும் நம்பினாங்க.

7)
முதல் உலகப் போரில் புகழ்பெற்ற அமெரிக்க விமானி எடி ரிக்கன்பேக்கர், தன் பெயரிலேயே கார் கம்பெனி நடத்தினார். 1923ல் நாலு சக்கரத்துக்கும் பிரேக் வச்சார். போட்டியாளர்கள் 'நாலு சக்கர பிரேக் ஆபத்து'ன்னு பிரச்சாரம் பண்ணாங்க. 1927ல் கம்பெனி மூடப்பட்டது. மூடினதுக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா கொஞ்ச வருஷத்துலயே, எதிர்த்துப் பேசினவங்களும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் வச்சாங்க.

சரியானதை முதல்ல சொன்னவன் நஷ்டப்படுறது மருத்துவத்துல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல.

8)
முன் பிரேக் ஏன் முக்கியம்?

பஸ் திடீர்னு நிக்கும்போது நாம முன்னாடி சாயறோம் இல்லையா? வண்டியும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறும். பின் சக்கரம் லேசாகி வழுக்கும். ரோட்டை இறுக்கிப் பிடிக்கிற வேலையில பெரும்பங்கு முன் டயருக்குத்தான். பின்னாடி மட்டும் பிரேக் வச்சிருந்த காலம், வேலை செய்யக்கூடிய கையைக் கட்டிப்போட்டுட்டு மத்த கையால பளு தூக்கின காலம்.

9)
அடுத்த சிக்கல்: நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவுல அழுத்தம் எப்படி அனுப்புறது? கம்பியும் கேபிளும் வச்சா ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தளரும். வண்டி பக்கவாட்டுல இழுக்கும்.

பதில் சொன்னவர் மால்கம் லாக்ஹீட். லாக்ஹீட் விமானக் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவர். திரவத்தின் வழியா அழுத்தத்தை அனுப்பும் பிரேக்குக்கு 1917ல் காப்புரிமை வாங்கினார். 1921ல் டூஸன்பெர்க் மாடல் ஏ, 1924ல் கிறைஸ்லர். ஆரம்பத்துல உள்ளே தோல் சீல், ஒழுகும். கிறைஸ்லர் எஞ்சினியர்கள் அதை ரப்பர் கப்பா மாத்தினாங்க. இன்னைக்கும் வீல் சிலிண்டரைப் பிரிச்சா உள்ளே இருக்கிற கப் அந்தப் பரம்பரைதான்.

10)
ஊசி போடுறவங்களுக்கு இது சுலபமா புரியும். சிரிஞ்சுல மருந்து மட்டும் இருந்தா, தள்ளின அளவு மறுமுனையில வரும். உள்ளே காத்து இருந்தா? காத்துதான் முதல்ல சுருங்கும். பிரேக் வேலை முடிச்சதும் 'ஏர் எடுக்கிறது' இதுக்குத்தான். பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினா உள்ளே காத்து இருக்கலாம்னு அர்த்தம்.

11)
1941. உலகப் போர். வில்லிஸ் எம்பி ஜீப் வருது. எடை சுமார் 1,100 கிலோ. நாலு சக்கரத்திலும் 9 இஞ்ச் டிரம், ஹைட்ராலிக் பிரேக். போர் முடிஞ்சு, 1940களின் இறுதியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. நம்ம ஊர் மலைப்பாதைகளில் ஓடும் பழைய ஜீப்புகளின் தாத்தா இவர்தான்.

ஒரு குறை. மொத்த பிரேக்குக்கும் ஒரே சர்க்யூட். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கர பிரேக்கும் காலி. அமெரிக்காவில் 1968லிருந்து புது கார்களுக்கு இரட்டை சர்க்யூட் கட்டாயம் ஆச்சு. ஜீப் சிஜே-க்கு முன் டிஸ்க் பிரேக் வந்தது 1977ல்.

12)
இப்போ நிறுத்தி வச்ச இடத்துக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரம். நெல்லி கெர்ஷா என்ற பெண். சின்ன வயசிலேயே வேலைக்குப் போனவர். கல்நாரை நூலா நூற்கிற வேலை. மூச்சு வாங்க ஆரம்பிச்சது. வேலைக்குப் போக முடியாம ஆச்சு. நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. 1924 மார்ச்சில் இறந்தார். வயசு 33. அடையாளக் கல் கூட இல்லாத ஏழைகளின் கல்லறையில் புதைத்தாங்க.

13)
பிரேதப் பரிசோதனையில் அவர் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் டாக்டர் குக் என்ற நோயியல் மருத்துவர். நுரையீரல் முழுக்க தழும்பு. அதுக்குள்ள கல்நார் துகள்கள். அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1927ல் அந்த நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்.

14)
நெல்லி வேலை பார்த்த நிறுவனத்தின் குழுமமே, 1920களின் நடுவில் ஃபெரோடோவையும் தன்னோட சேர்த்துக்கிட்டது. அந்தப் பெண் நூற்றது மாதிரியான நூலும், கார் பிரேக் லைனரும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன.

15)
1930ல் பிரிட்டிஷ் அரசின் மருத்துவ ஆய்வாளர் மெரிவெதரும், எஞ்சினியர் ப்ரைஸும் ஓர் அறிக்கை கொடுத்தாங்க. பரிசோதித்த 363 கல்நார் தொழிலாளர்களில் 95 பேருக்கு நுரையீரலில் தழும்பு. நாலில் ஒருத்தருக்கு மேல. அதுக்குப் பிறகு 1931ல் விதிகள் வந்தன. ஆனா அவை கல்நார் பொருள் செய்யும் ஆலைகளுக்கு. அந்த லைனரை ரோட்டோரத்துல உப்புத்தாளால தேய்ச்ச மெக்கானிக்கைப் பத்தி யாரும் நினைக்கல.

16)
1960. தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. நுரையீரலைச் சுத்தி இருக்கும் உறையில் வரும் புற்றுநோய் அது. பலர் சுரங்கத் தொழிலாளர்கள் கூட இல்ல. சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவங்க, அங்கே சின்ன வயசில் வளர்ந்தவங்க. தூசி உள்ளே போனதுக்கும் நோய் வெளியே வந்ததுக்கும் நடுவுல பல பத்து வருஷங்கள்.

17)
1965. லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இருவர் 76 மீசோதெலியோமா நோயாளிகளை ஆராய்ந்தாங்க. அதில் 9 பேர் கல்நார் வேலையே பார்க்காதவங்க. வீட்டில் இன்னொருத்தர் பார்த்தார். அவர் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்த தூசி. துணி துவைச்ச பெண்களுக்கு அந்த நோய்.

மாப்ள, நான் ஏன் கத்தினேன்னு இப்போ புரியுதா?

18)
ஒரு டாக்டரா நேர்மையா இதையும் சொல்லணும். பிரேக் தூசியில் இருக்கும் கல்நாரில் பெரும்பகுதி, பிரேக் சூட்டிலேயே வேற கனிமமா மாறிடும். கார் மெக்கானிக்குகளிடம் நடந்த பல ஆய்வுகளில் மீசோதெலியோமா கூடுதலா தெரியல. அமெரிக்க நீதிமன்றங்களில் இதை வச்சு பல வருஷம் சண்டை நடந்தது. அதனால, பழைய பிரேக்கை ஒரு தடவை ஊதினவங்க யாரும் பயந்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.

ஆனா புது லைனரைத் தேய்க்கும்போதும், பழைய தூசியைக் காத்தடிச்சு ஊதும்போதும் மாறாத நார்கள் பறக்கும். எல்லா வகை கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும். இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லைன்னு ஓர் எல்லைக்கோடு கிடைக்கல. ஒரு ஈரத்துணியில் தவிர்க்க முடியும்னா, எதுக்கு அந்த ரிஸ்க்?

19)
சட்டம் எப்படி நகர்ந்ததுன்னும் பாருங்க. அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை 1986ல் மெக்கானிக்குகளுக்கு எச்சரிக்கைக் கையேடு போட்டது. 1989ல் பெரும்பாலான கல்நார் பொருட்களைத் தடை செய்தது. 1991ல் நீதிமன்றம் அந்தத் தடையின் பெரும்பகுதியை ரத்து செய்தது. பிரிட்டன் 1999ல் தடை செய்தது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாருக்கு மறுபடி தடை கொண்டு வந்தது 2024ல். நெல்லி இறந்து சரியா நூறு வருஷம் கழிச்சு.

இந்தியாவில் முழுத் தடை இல்லை. ஆனா 1995ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கல்நார் தொழிலாளியின் மருத்துவப் பதிவுகளைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்கச் சொன்னது. ஏன் 40? இந்த நோய் அவ்வளவு காலம் ஒளிஞ்சிருக்கும்.

20)
இனி மாப்ளையோட ஜீப். உயரம் ஏத்தினா பிரேக்குக்கு என்ன ஆகும்?

பழைய டயரின் உயரம் சுமார் 28 இஞ்ச். இப்போ 33. அதே பெடல் அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கிற நிறுத்தும் விசை 28/33 தான். அதாவது 15 சதவீதம் குறைவு.

வில்லிஸின் முன் பின் சக்கர இடைவெளி 80 இஞ்ச். எடையின் மையம் தரையிலிருந்து 25 இஞ்ச் உயரத்தில் இருந்ததுன்னு வச்சுக்குவோம். ஓரளவு கடுமையா பிரேக் பிடிச்சா மொத்த எடையில் சுமார் 19% முன்னாடி மாறும். அதையே 30 இஞ்சுக்கு ஏத்தினா 22.5%. முன் பிரேக்குக்கு வேலை கூடுது. ஆனா அதோட பலன் குறையுது. 1941ல் போட்ட கணக்கை நாம மாத்திட்டோம்.

21)
அதனால வீட்டில் முன் பிரேக் பிரிக்கிறவங்களுக்கு:

பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு வைங்க.

குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

தூசியை ஊதாதீங்க, துடைப்பத்தால பெருக்காதீங்க. சோப்புத் தண்ணி தெளிச்சு நனைச்சு, ஈரத்துணியால துடைச்சு, துணியோட கவரில் கட்டிப் போடுங்க. சர்ஜிக்கல் மாஸ்க் இதைத் தடுக்காது. போட்டிருந்த சட்டையை உதறாம தனியா துவைங்க.

ரப்பர் கப்பை பெட்ரோல், டீசலில் கழுவாதீங்க. ஊதிப் போயிடும். பிரேக் ஆயில் மட்டும்.

லைனர் மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. ஆக்சில் சீல் ஒழுகி லைனரில் எண்ணெய் பட்டிருக்கான்னு பாருங்க. சீலை மாத்தாம லைனரை மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல.

உயரம் ஏத்தின வண்டியில் ஹோஸ் நீளம் ரொம்ப முக்கியம். ஆக்சிலை முழுசா தொங்க விட்டு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்க. ஹோஸ் விறைப்பா இழுத்தா அது போதாது. ஒரே சர்க்யூட் வண்டியில் அந்த ஹோஸ் போனா எல்லாமே போச்சு.

ஏர் எடுத்து, பெடல் கல்லு மாதிரி நின்ன பிறகு, சமதளத்தில் மெதுவா ஓட்டிப் பாருங்க. சந்தேகம் இருந்தா அனுபவமுள்ள மெக்கானிக்கை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. மலை எங்கேயும் ஓடிப் போகாது.

22)
பிரேக்குல ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருத்தரின் பயத்துக்குக் கிடைச்ச பதில். இறக்கத்தைப் பார்த்த பெர்த்தாவின் பயத்துக்கு லைனர். ஒரு பக்கமா இழுக்குற பயத்துக்கு ஹைட்ராலிக். ஒரு ஹோஸ் வெடிச்சா என்ன ஆகும்ங்கிற பயத்துக்கு இரட்டை சர்க்யூட். ஆனா அதில் ஒரு பதில் மட்டும், வண்டியில் போனவங்களைக் காப்பாத்திட்டு, லைனரைச் செஞ்சவங்க நெஞ்சில போய் உட்கார்ந்துச்சு.

சாயங்காலம் மாப்ள திரும்பக் கூப்பிட்டான். தரையை நனைச்சுத் துடைச்சிட்டானாம். பையனைக் குளிப்பாட்டியாச்சாம். "ஹோஸ் கொஞ்சம் இழுக்குது மாமா, பெருசு வாங்கிட்டுதான் மாட்டுவேன்"னான்.

வெறும் தூசின்னு ஒன்னு கிடையாதுங்க. அது எதிலிருந்து வந்த தூசின்னு கேளுங்க. பழைய ஜீப் வச்சிருக்கிற நண்பர்களுக்கும், நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன்களுக்கும் இதை அனுப்பி வைங்க.