சொல்லிக் காட்டும் கல்வி: தஞ்சைத் திண்ணையும் ஓதும் பள்ளியும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து சென்ற பட்டியலில் 884 பள்ளிகள் இடம்பெற்றிருந்தன. அவற்றிற் பயின்ற முஸ்லிம் பிள்ளைகளின் தொகை தனியே குறிக்கப்பட்டிருந்தது. அச்சிட்ட நூல் அரிதாயிருந்த அக்காலத்தில், மணலும் ஓலையும் பலகையுமே பிள்ளைகளின் கருவிகள். கற்றதைக் காத்துவைக்கும் இடம் நெஞ்சம் ஒன்றே. ஆகவே, மறதியை வெல்லும் வழிகளை அன்றைய ஆசிரியர்கள் அனுபவத்தால் கண்டறிந்திருந்தனர்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855இல் பிறந்தவருமான உ.வே. சாமிநாதையர், தாம் பயின்ற திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார். மாலையில் பள்ளி விடும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் எனப் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாது வந்து சொல்ல வேண்டும். பார்வைக்கு இது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆயினும் ஓர் இரவு கடந்தபின், எதையும் பாராமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சி அதனுள் அடங்கியிருந்தது.

நம் ஓதும் பள்ளிகளிலும் இதே நெறியைக் காணலாம். குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் அன்றைய புதிய பாடமாகிய சபக்கை உஸ்தாதிடம் பாராமல் ஓதிக் காட்டுகிறார். அத்துடன் அண்மையில் முடித்த பகுதியையும், முன்பே மனனமான பகுதிகளில் ஒன்றையும் முறைவைத்து ஓதுகிறார். பிழை நேர்ந்தால் அவ்விடத்திலேயே திருத்தம் கிடைக்கிறது. ரமளானில் தராவீஹ் தொழுவிக்கும் ஹாஃபிழுக்குப் பின்னால் மற்றொரு ஹாஃபிழ் நின்று, தவறும் இடத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

இம்முறையின் வேர் நபிவழியில் உள்ளது. ஆண்டுதோறும் ரமளானில் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள். மறைந்த ஆண்டில் இருமுறை அவ்வாறு செய்தார்கள். மனனம் செய்த குர்ஆனைப் பேணாவிட்டால், கட்டவிழ்ந்த ஒட்டகத்தினும் விரைவாக அது நழுவிவிடும் என்றும் எச்சரித்தார்கள்.

மறதியின் வேகத்தை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைந்து நிகழ்கிறது. இடைவெளி விட்டு மீளப் பயின்றால் அது தணிகிறது என்பது அவர் கண்ட முடிவு. 2006இல் அமெரிக்க உளவியலாளர் ரோடிகரும் கார்பிக்கும் மற்றொன்றைச் சோதித்தனர். ஒரு குழு பாடத்தை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தது. மற்றொரு குழு ஓர் அமர்வில் வாசித்து, மூன்று அமர்வுகளில் பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவில் 40 விழுக்காடே எஞ்சியது; எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு நின்றது.

இவ்வுண்மை நம் இல்லங்களுக்கு உரியது. வாசிக்க வாசிக்கப் பாடம் தெரிந்தது போன்ற மயக்கம் பிள்ளைகளுக்கு எழுகிறது. தேர்வறையில் அது கலைகிறது. ஹிஃப்ழு வகுப்பில் நாள்தோறும் பாராமல் ஓதும் அதே பிள்ளை, அறிவியல் பாடத்தை மட்டும் தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே மூச்சில் வாசிப்பது ஏன்? காவிரிப் பாசனத்தில் முறை வைத்தே நீர் விடுகிறோம். ஒரே நாளில் வெள்ளமாய்ப் பாய்ச்சினால் பயிர் தழைக்காது.

பழைய முறை அனைத்தும் போற்றத்தக்கதன்று. திண்ணையிலும் ஓதும் பள்ளியிலும் பிரம்பு ஓங்கியிருந்தது. பொருளறியாத மனனமும் மலிந்திருந்தது. அவற்றை விடுத்து, நெறியை மட்டும் மீட்போம். இரவில் பிள்ளையிடம் “படித்தாயா?” என்று கேட்பதை விட, புத்தகத்தை மூடிவைத்து, “இன்று கற்றதைச் சொல், கேட்கிறேன்” என்போம். மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் அதையே கேட்போம். பிழையைக் கடிந்துகொள்ளாமல் திருத்துவோம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்ய இயலும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வானாக.